இரத்தம் கூடிப்போனவள்

எனக்கு வந்த வருத்தத்தின் முதல் அறிகுறி, நான் வடிவாகிப்போனதுதான். இருபது வயதில் வந்திருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும். ஐம்பத்தைந்து தாண்டிய பிறகு, மன்னார் வெயிலில் கறுத்துக் காய்ந்து கிடந்த முகம் திடீரென்று சிவந்து பளபளத்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "வெளிநாட்டிலயிருந்து ஏதும் கிறீம் வந்ததோ?" என்று ஒருத்தி கேட்டாள். முருங்கனில் இருக்கும் என் மச்சாள், அதாவது என் மனுசனின் அக்கா, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி உன்னை நல்லாத்தான் வைச்சிருக்கிறான்" என்று முழுப் பாராட்டையும் தன் தம்பியிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றேன்.

பிறகு கடி தொடங்கியது, சொறியச் சொறிய அடங்காத கடி. குளிக்கும்போது ஒன்றும் இல்லை. துவாயால் துடைத்து முடித்த உடனே, எறும்புப் புற்றுக்குள் விழுந்தவள் மாதிரி உடம்பு முழுக்கக் கடிக்கும். தடிப்பும் இல்லை, தழும்பும் இல்லை. எங்கள் ஊரில் உடம்பு கடித்தால் டொக்டரிடம் போகத் தேவையில்லை, தீர்ப்பு தயாராக இருக்கிறது: கிரந்தி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கணவாய் கிரந்தி, கத்தரிக்காயும் கிரந்தி. நாலு பக்கமும் கடல் இருக்கும் தீவில் குடியிருந்துகொண்டு, அந்தக் கடல் தரும் ருசியான சாமான் எல்லாவற்றையும் கூடாது என்று ஒதுக்கி வைத்த புத்திசாலிகள் எங்கள் முன்னோர். ஒரு வருடத்துக்கு மேல் நான் நண்டைக் கண்ணால் மட்டும் தின்றேன். என் மனுசன் எனக்கு முன்னால் இருந்து நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே, "உனக்கு இது கூடாதப்பா" என்று மிகுந்த கவலையோடு சொல்லுவார். கவலை அவருடைய பசியை ஒரு நாளும் தொட்டதில்லை. இறாலுக்கும் நண்டுக்கும் என் வருத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பின்னர் தெரிந்தபோது, அந்த ஒரு வருட நண்டுகளை நினைத்து நான் அழுதது உண்மை. வருத்தத்தை நினைத்து அழுதது அதற்குப் பிறகுதான்.

நான் தையற்காரி. வீட்டின் முன் அறையில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை, கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கும் பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, இடைக்கிடை கலியாண ரவிக்கை. என் மனுசன் கடற்கரையில் கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்துகிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டில் சண்டை பிடிப்பதற்கு எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் விட்டால் வேறு ஆள் இல்லை, இருவரும் அந்தக் கடமையை முப்பது வருடமாக ஒழுங்காகச் செய்து வருகிறோம். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் அவருக்கு எஞ்சின் பிரச்சினைதான். மெஷின் மிதிக்கும்போது என் உள்ளங்கால் நெருப்பாக எரிகிறது என்று சொன்னேன். "பெயாரிங் தேய்ஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தந்தார்.

ஒரு நாள் காலை, ஒரு தாய் தன் மகளின் நன்மைச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். அளவு நாடா என் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தால் வலது கை ஆருடையதோ கை மாதிரித் தொங்குகிறது. "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன பாஷை என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கையும் வாயும் போன மாதிரியே திரும்பி வந்துவிட்டன. நான் மெஷினில் போய் இருக்கப் பார்த்தேன். அந்தத் தாய் விடவில்லை. அவள் கத்திய கத்தில் என் மனுசன் கடற்கரையிலிருந்து கையில் ஸ்பனரோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக்கும் அந்த ஸ்பனரோடுதான் வந்தார்.

அங்கே இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு இன்னொருமுறை எடுத்தார்கள். இரண்டாம் முறையும் அதே முடிவு வந்ததும் ஒரு டொக்டர் வந்து, "அம்மா, உங்களுக்கு இரத்தம் கூடிப்போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த நாள் முதல் நான் பார்த்த பெண்கள் எல்லாரும் இரத்தம் குறைந்தவர்கள். வயதுக்கு வந்தாலும் இரத்தம் குறைவு, பிள்ளை பெற்றாலும் இரத்தம் குறைவு, சும்மா இருந்தாலும் இரத்தம் குறைவு. கூடிப்போன ஒருத்தியை மன்னாரில் ஆர் கண்டது? என் மனுசனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட. வீட்டுச் சாப்பாடு நல்ல சாப்பாடு என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி நின்றார்.

பெருமை யாழ்ப்பாணம் போகும் வரைக்கும்தான் நின்றது. பூநகரிப் பாதையால் பஸ்ஸில் போய், இரத்த வருத்தங்களைப் பார்க்கும் டொக்டரின் கிளினிக்கில் காத்திருந்தோம். டொக்டர் இளம் பெண். என் மெஷினில் சட்டை தைத்துப் போட்ட பிள்ளைகளில் ஒருத்தி என்று சொன்னால் நம்பலாம், அந்த வயது. மன்னாரில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிய பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, எலும்புக்குள்ள மச்சை எண்டு ஒண்டு இருக்கு. அங்கதான் இரத்தம் உருவாகிறது. தேவையான அளவு உருவாக்கிப்போட்டு அது நிப்பாட்டவேணும். உங்கட மச்சைக்கு நிப்பாட்டத் தெரியேல்லை. சிவப்புக் கலங்களைச் செய்துகொண்டே இருக்குது. அதால இரத்தம் தடிச்சுப்போச்சு. தடிச்ச இரத்தம் ஓடாமல் கட்டிபடும். அண்டைக்குக் கை விழுந்ததும், வாய் பேசாமல் போனதும் அதாலதான். குளிச்ச உடனே கடிக்கிறது, கால் எரியிறது எல்லாம் இதுதான்."

"எஞ்சின் மாதிரி எண்டா, அக்சிலேற்றர் இறுகிப்போச்சு" என்றார் என் மனுசன்.

"சரியாச் சொன்னீங்கள் ஐயா" என்று அவளும் அவருக்கு ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா?

வருத்தத்தின் பெயர் பொலிசைதீமியா வேரா என்றாள். கேட்ட உடனே, எங்கள் பழைய கோட்டையில் குடியிருந்த ஏதோவொரு பறங்கித் துரையின் பெண்சாதி என் முன்னால் குடை பிடித்து நிற்கிற மாதிரித் தெரிந்தது. அன்று முதல் நான் அவளை வேராத் துரைசாணி என்றுதான் கூப்பிடுகிறேன். இலட்சக்கணக்கான சனத்தைத் தாண்டி, துரைசாணி இந்தத் தையற்காரியின் எலும்புக்குள் வந்து குடியேறியிருக்கிறா என்றால் அது ஒரு மரியாதைதானே.

"இது பரம்பரையா வந்ததோ?" என்று கேட்டேன். இல்லை, இடையில் தானாக வந்த ஒரு பிழை என்றாள். "மாறுமோ?" மாறாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றாள். பிறகு நான் கேட்கத்தானே வேண்டும்? "எத்தினை வருசம் இருப்பன்?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒழுங்கா வந்து, இரத்தத்தின்ர தடிப்பை நாற்பத்தஞ்சுக்குக் கீழ வைச்சிருந்தா கன வருசம் இருப்பியள். பேரப்பிள்ளையளின்ர கலியாணமும் பார்க்கலாம்."

"எங்களுக்குப் பிள்ளையே இல்லை டொக்டர்."

"அப்ப ஊராக்களின்ர பேரப்பிள்ளையளின்ர கலியாணம்" என்றாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மிச்சத்தையும் சொன்னாள். கன காலம் போக, சிலருக்கு மச்சை நார் பிடித்து இறுகிவிடுமாம். மிகக் கொஞ்சப் பேருக்கு மோசமான இரத்தப் புற்றுநோயாக மாறவும் கூடுமாம். "உண்மையா இதுவும் புற்றுநோய்ச் சாதிதான் அம்மா. ஆனா ஆமை நடை நடக்கிற சாதி. பக்கத்தில இருக்கிற பயம் இரத்தக் கட்டிதான். அதைத்தான் நாங்கள் இப்ப தடுக்கவேணும்."

இனி என்ன செய்வது என்றும் சொன்னாள். கூடின இரத்தத்தை இடைக்கிடை குத்தி எடுத்துவிடுவது, மச்சையை அடக்க ஒரு குளிசை, இரத்தம் கட்டிபடாமல் இன்னொரு சின்னக் குளிசை. "இரத்தம் எடுக்க எடுக்க உடம்பில இரும்புச்சத்து குறையும். பயப்படாதேங்கோ, குறையட்டும். இரும்பு இல்லாட்டி மச்சையால கனக்கச் செய்யேலாது. இரும்பு மருந்து மட்டும் ஒருக்காலும் எடுத்துப்போடாதேங்கோ." நான் தலையாட்டினேன். என் மனுசனும் தலையாட்டினார். புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு டொக்டர் சொன்ன ஒரு வார்த்தையும் அந்தத் தலைக்குள் ஏறவில்லை என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? ஆமையும் ஏறவில்லை, இரும்பும் ஏறவில்லை.

அன்றே முதல்முறை இரத்தம் எடுத்தார்கள். கட்டிலில் படுத்திருக்க, என் கையிலிருந்து குழாய் வழியாகப் பைக்குள் இறங்கியது. கரும்பாகு மாதிரி இருந்தது, நிறமும் அப்படி, வேகமும் அப்படி. பை நிறைந்ததும் என் மனுசன் தாதியிடம் மரியாதையாகக் கேட்டார்: "மிஸ், இது இனி ஆருக்குக் குடுக்கிறது?"

"இதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது ஐயா. எறியிறதுதான்."

சொல்லிவிட்டு அவர் கண்முன்னாலேயே அதை மஞ்சள் பைக்குள் போட்டாள். பழைய எஞ்சின் ஒயிலைக்கூட எறியாமல் கலனில் சேர்த்து வைத்து, கறையான் பிடிக்காமல் வேலிக்கட்டைக்குப் பூசுகிற மனுசன் அவர். பேயறைந்தவர் மாதிரி நின்றார். பஸ்ஸில் வரும்போது ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, நித்திரை கொண்டேன்.

ஊருக்குள் செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. "அவவுக்கு இரத்தத்தில வருத்தமாம்." இரத்தத்தில் வருத்தம் என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்: இரத்தம் இல்லை. வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போனால் குற்றம் என்று எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஆகவே பீற்றூட் வந்தது. மாதுளம்பழம் வந்தது. முருங்கை இலை கட்டுக் கட்டாக வந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண், மக்கா போய் வந்த தன் நானா, அதாவது அண்ணன், கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் பாதியைத் தந்து, "அக்கா, துஆ கேட்டிருக்கம், தின்னுங்கோ, இரத்தம் ஊறும்" என்றாள். எனக்கு ஊறுவதுதான் பிரச்சினை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சத்துக்குக் குடிக்கும் மோல்ற்று மா டின்கள் அலுமாரியின் மேல் வரிசையாக நின்றன. மச்சாள் முருங்கனிலிருந்து ஒரு மூடை சிவப்பு அரிசியோடும் ஒரு பார்சல் ஆட்டு ஈரலோடும் வந்து இறங்கினார்.

"மச்சாள், எனக்கு இரத்தம் குறைவில்லை, கூட" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. இரத்தம் கூடினா அது சுகம். வருத்தமே?"

"அதுதான் குத்தி எடுக்கினம்."

"ஐயோ மாதாவே! உள்ள இரத்தத்தையும் எடுக்கிறாங்களோ!" என்று நெஞ்சில் கைவைத்துக் கதிரையில் விழுந்தார். அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொன்னது வருத்தக்காரியான நான்தான்.

கோயிலிலும் விடவில்லை. மன்றாட்டு நேரத்தில், "இரத்தம் குன்றி வாடும் எம் சகோதரிக்காக" என்று வாசித்தார்கள். சிவந்த முகத்தோடு முன்வரிசையில் இருந்த நான், அது ஆர் பாவம் என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கிழமை, பங்கு இளைஞர் கழகத்தினர் யாருடையதோ நினைவுநாளுக்கு வழக்கம்போல் இரத்ததானம் ஒழுங்கு செய்துவிட்டு, எனக்குத் தேவைப்படும் இரத்தம் முழுவதையும் தாங்களே தருவதாக வீட்டுக்கு வந்து சொன்னார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முற்றத்தில் நிறைந்து நின்றார்கள். பகிடி என்று நான் சிரிக்கத் தொடங்கியவள், முடிக்கும்போது என் கண்ணில் தண்ணீர். இப்படி அன்பான சனம் எங்கே இருக்கிறது? ஒரு வார்த்தை காதில் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இரத்தம் எடுக்க எடுக்க அந்தத் தடிப்பு இலக்கம் இறங்கியது. முகச் சிவப்பு போய்ப் பழைய கறுப்பு வந்தது. என் வடிவுக்காலம் முடிந்தது. கடி குறைந்தது. டொக்டர் சொன்னபடி இரும்பும் குறைந்தது, அதோடு எனக்கு ஒரு புதுப்பழக்கம் வந்தது: அரிசியைப் பச்சையாகத் தின்னும் ஆசை. மச்சாளின் மூடைக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிக் கடித்தேன். நன்மைச் சட்டைக்கு லேஸ் பிடிக்கும்போதும் வாயில் அரிசி நறநறத்தது. மச்சாள் அதைக் கண்டுவிட்டு, என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மிகவும் இரகசியமாக, "இந்த வயசில ஏதும்...?" என்றார். இரும்பு குறைந்தால் சிலருக்கு இப்படி வருமாம் என்று டொக்டர் பின்னர் சிரித்தாள்.

இந்த நேரத்தில்தான் என் மனுசன் மோல்ற்றுத் தேத்தண்ணி போடத் தொடங்கினார். கலியாணம் கட்டிய நாள் முதல் வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே விசாரியாத மனுசன். ஒரு நாள் பின்னேரம் கொட்டிலால் வந்து, கை கழுவி, தானே தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு பெரிய கோப்பையில் கொண்டுவந்து நீட்டினார். "குடி."

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் காய்ச்சலோ?" என்றேன்.

"குடியப்பா, கதையாமல்."

கொஞ்சம் துவர்த்தது. "புது டின்" என்றார். அதற்குப் பிறகு பின்னேரம்தோறும் தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தன் மனுசனிடம் போய்ச் சண்டை பிடித்தாள். மச்சாள், "தம்பி தங்கம்" என்றார். எனக்கும் சந்தோசம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? வருத்தம் வந்ததால் கிடைத்த ஒரே சம்பளம் என்று நினைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அடுத்த கிளினிக்கில் இலக்கம் ஏறியிருந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டினாள், இரத்தமும் எடுத்தார்கள். அதற்கடுத்த கிளினிக்கில் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அம்மா, குளிசைக்கு இது மசியேல்லைப் போல கிடக்கு. மருந்துக்கு மசியாத வருத்தம் எண்டா நாங்கள் வேற மாதிரித்தான் யோசிக்கவேணும். அடுத்த முறையும் இப்படி இருந்தா இடுப்பெலும்பில குத்தி மச்சையை எடுத்துப் பார்ப்பம். வருத்தம் வேற பக்கம் திரும்புதோ தெரியேல்லை." என் மனுசன் வெளியே தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தார். நான் அவருக்கு இதைச் சொல்லவில்லை. "கொஞ்சம் ஏறியிருக்காம்" என்று மட்டும் சொன்னேன்.

வேராத் துரைசாணி நடையை விட்டு ஓடத் தொடங்கிவிட்டா என்று எனக்கு விளங்கியது. பயந்தேன். இதில் பகிடி ஒன்றும் இல்லை, சரியாகப் பயந்தேன். செத்துப்போவதைவிட, எனக்குப் பிறகு இந்த மனுசன் எந்த டின்னில் உப்பு, எந்த டின்னில் சீனி என்று தெரியாமல் நிற்கப்போவதுதான் பெரிய பயம். ஆனால் தையற்காரியின் புத்தி எங்கே போகும்? எனக்கு வந்த அடுத்த யோசனை, பெட்டிக்குள் என்ன போட்டுக்கொண்டு படுப்பது என்பது. எங்கள் இருபத்தைந்தாவது வருடப் பூசைக்குக் கட்டிய சந்தனநிறச் சேலை இருந்தது. அதற்கு ரவிக்கை இப்போது பற்றாது. ஊரில் இன்னொரு தையற்காரி இருக்கிறாள், அவள் கைக்குழி வெட்டும் இலட்சணம் எனக்குத் தெரியும். கடைசி நாளில் ஊர் முழுக்கக் குனிந்து முத்தம் கொடுக்க வரும்போது, தோளில் சுருக்கம் விழுந்த ரவிக்கையோடு நான் கிடப்பதா? ஆகவே நன்மைச் சட்டைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணியில் ஒரு ரவிக்கை வெட்டினேன். கழுத்துக்கு நல்ல லேஸ் வைத்தேன். வாடிக்கைக்காரருக்குத் தராத லேஸ்.

கை பொருத்திக்கொண்டிருக்கும்போது என் மனுசன் வந்து நின்றார். "ஆருக்கு இது?"

"முருங்கனில ஒரு மனுசிக்கு."

எடுத்து விரித்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். அடுப்படிக்குப் போனார். அன்றைய மோல்ற்று வழமையைவிடத் துவர்த்தது.

அடுத்த கிளினிக்குக்கு நான் எல்லாவற்றுக்கும் தயாராகிப் போனேன். இந்த முறை டொக்டர் இரும்புச்சத்தையும் மறுபடி பார்க்க எழுதியிருந்தாள். முடிவைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு கேட்டாள்: "அம்மா, இன்னும் அரிசி தின்னுறியளோ?"

"இல்லை டொக்டர். அது எப்பவோ விட்டுப்போச்சு."

"எப்ப இருந்து?"

யோசித்துப் பார்த்தேன். மோல்ற்றுக் காலத்திலிருந்து என்று சொல்ல எனக்கே தோன்றவில்லை. "கொஞ்ச காலமா."

"கக்கூசுக்குக் கறுப்பாப் போகுதோ?"

இந்தக் கேள்விக்காக இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தேனா? "ஓம்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "குடலும் பழுதாப்போச்சோ டொக்டர்?"

"இரும்பு மருந்து ஏதும் எடுக்கிறியளோ?"

"மாதா மேல சத்தியமா இல்லை."

சத்தியம் செய்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். என் மனுசன் மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக எனக்கு அந்த முகம் தெரியும். யாருடையவோ எஞ்சினில் பழைய சாமானைப் போட்டுவிட்டுப் புதுசு என்று சொல்லும்போது வருகிற முகம்.

"இஞ்சேருங்கோ!"

அவர் காத்தாடியிடமே சொன்னார். "சத்து மருந்துதான் டொக்டர். மருந்துக்கடையில வாங்கினனான். மோல்ற்றில கலந்து குடுத்தனான்."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். "ஏன் ஐயா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனானே?"

"றிப்போட்டில இரும்பு குறைவெண்டு கிடந்துது. குறைஞ்சா ஊத்தத்தானே வேணும்? ஒயில் குறைஞ்ச எஞ்சினை அப்பிடியே விட்டா இறுகிப்போகும்."

"ஐயா, அக்சிலேற்றர் இறுகின எஞ்சினுக்கு நீங்கள் பெற்றோல் ஊத்திக்கொண்டு இருந்திருக்கிறியள்."

அவர் காத்தாடியை விட்டு டொக்டரைப் பார்த்தார். இந்த முறை ஏறியது. எலும்பு மச்சை, சிவப்புக் கலம், இலக்கம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு வசனத்தில் ஏறியது. நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்த இடத்திலேயே எரிந்திருக்க வேண்டும். டொக்டர் கோபமாகவும் இருந்தாள், சிரிப்பை அடக்கவும் பாடுபட்டாள். வருத்தம் மருந்துக்கு மசியாமல் இல்லை, மருந்தையும் மீறி இரும்பு ஊட்டப்பட்டிருக்கிறது, இனி இறங்கிவிடும் என்றாள். எலும்பில் துளை போடுவதை இப்போதைக்குத் தள்ளி வைத்தாள். கட்டி ஒன்று மூளையில் அடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் அவருக்குத் தனியாக விளங்கப்படுத்தினாள். அவர் நின்ற நிலையில் வியர்த்தார்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் தொடங்கினேன். "மனுசியைக் கொல்ல எத்தினையோ வழி கிடக்கு. சத்து மருந்து குடுத்துக் கொன்ற ஆள் நீங்கள் ஒருத்தர்தான். உங்கட அக்கா வேற, தங்கமாம்! கோதாரி பிடிச்ச மோல்ற்று! ஊரெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டுது..." சங்குப்பிட்டிப் பாலம் வரைக்கும் மூச்சு விடாமல் பேசினேன். பாலத்தில் காற்று யன்னலால் அள்ளி அடித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"உன்ர இரத்தத்தை அவையள் குப்பையில போட்டதைப் பார்த்தனான். என்னால தாங்கேலாமல் போச்சு."

நான் யன்னலை இழுத்துச் சாத்தினேன்.

"அந்த ரவிக்கை உனக்குத்தானே?"

"முருங்கன் மனுசிக்கு எண்டு சொன்னனானே."

"உன்ர இடது தோள் வலதை விடக் கொஞ்சம் பதிவு, இறங்கிக் கிடக்கு. மெஷினில இருந்து இருந்து வந்தது. ரவிக்கையும் இடது பக்கம் பதிவாத்தான் வெட்டியிருக்கு." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அண்டையிலயிருந்துதான் மருந்தை ரெண்டு கரண்டியாக்கினனான்."

எனக்கு வாய் வரவில்லை. கை விழுந்த நாள் போல இரத்தம் கட்டிபட்டதால் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"நீ போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?" என்றார். அழுதார். பஸ் நிறையச் சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் வியாபாரிகள். கரிபிடித்த கையால் முகத்தைத் துடைத்ததில் முகமும் கரியானது. என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். பூநகரி தாண்டியும் கையை விடவில்லை.

இப்போதும் பின்னேரம் மோல்ற்று வருகிறது. நான் அடுப்படி வாசலில் நின்று, கோப்பைக்குள் என்ன விழுகிறது என்று பார்த்த பிறகுதான் குடிக்கிறேன். நண்டு தின்கிறேன். அரிசி ஆசை திரும்பி வந்திருக்கிறது, இரும்பு இறங்குகிறது, அது நல்ல அறிகுறியாம். மச்சாளுக்கு மட்டும் இன்னும் சந்தேகம். துரைசாணி எலும்புக்குள் இருக்கிறா, போகமாட்டா, என்றோ ஒரு நாள் நடையை மாற்றவும் கூடும். அது வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான்.

போன கிளினிக்கில் இலக்கம் நாற்பத்தைந்துக்குக் கீழே வந்திருந்தது. அன்று நான் அந்த வெள்ளை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல துணி, நல்ல லேஸ், அலுமாரிக்குள் கிடந்து பழுப்பு நிறமாகட்டும் என்று விட எனக்கு மனமில்லை. டொக்டர் கண்டுவிட்டாள்.

"அம்மா, ரவிக்கை நல்ல வடிவு. நீங்களே தைச்சது? என்ன விசேஷத்துக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனுசன் முந்திக்கொண்டார்.

"விசேஷம் தள்ளிப்போச்சு டொக்டர்."